சாயப்பட்டறை ஸ்டோரில் படித்த வேதியியல்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் கெமிக்கல் ஸ்டோரைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பிளஸ் டூவில் நான் எடுத்தது காமர்ஸ். வேதியியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்த பாடம், அதுவும் இணைதிறன் அட்டவணையை மனப்பாடம் பண்ணி எழுதியதோடு சரி. ஒரு சேர்மத்தின் பெயரைப் பார்த்து வாய்ப்பாடு எழுதுவதும், வாய்ப்பாட்டைப் பார்த்துப் பெயர் சொல்வதும் எனக்குப் பிடிபட்டது இந்த மூட்டைகளுக்கும் கேன்களுக்கும் நடுவில்தான். இப்போது பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கும், ஒன்பதாவது படிக்கிற என் அண்ணன் மகளுக்கும் இதைச் சொல்லித் தருகிறேன். பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தில் மாட்டிக்கொண்டு, அதனாலேயே மொத்த வேதியியலையும் வெறுத்துவிடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அவ்வளவு பயப்படும்படி இதில் ஒன்றும் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வாய்ப்பாடுகளை இங்கே நாங்கள் வாயால் சொல்கிற மாதிரியே தமிழில் எழுதுகிறேன். நோட்டில் எழுதும்போது ஆங்கிலக் குறியீட்டில்தான் எழுத வேண்டும்.

ஸ்டோருக்கு வந்த புதிதில் யாரையும் குழப்புவது, ஒரே சரக்குக்கு மூன்று பெயர் இருப்பது. மூட்டையில் 'சோடா ஆஷ்' என்று இருக்கும், பில்லில் சோடியம் கார்பனேட்டு என்று வரும், லேபிலிருந்து வருகிற சீட்டில் என்ஏ₂சிஓ₃ என்று மட்டும் எழுதியிருப்பார்கள். காஸ்டிக் என்றால் சோடியம் ஹைட்ராக்சைடு. குளோபர் சால்ட் என்றால் சோடியம் சல்பேட்டு. ஹைட்ரோஸ் என்று நாங்கள் சொல்வது மூட்டையில் சோடியம் ஹைட்ரோசல்பைட்டு என்று இருக்கும், இன்றைய முறைப்படி அதன் பெயர் சோடியம் டைதயோனைட்டு. இந்தப் புழக்கப் பெயர்களுக்குப் பின்னால் கதை இருக்கிறது. ஒரு காலத்தில் செடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுத்ததால் சோடா ஆஷ். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குளோபர் என்ற ஜெர்மானியரின் பெயரால் குளோபர் சால்ட். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது, எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்தப் பெயர்கள் சொல்லாது. முறையான பெயர் சொல்லும். அதனால்தான் அதைப் படிக்கத் தெரிய வேண்டும் என்கிறேன்.

எனக்கு இதைத் தொடங்கிவைத்தவர் அப்போது லேபில் இருந்த மாஸ்டர். கெமிஸ்ட்ரி படித்தவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான் காமர்ஸ் என்று தெரிந்ததும், "அப்ப ரொம்ப நல்லதுங்க தம்பி, பற்று வரவு தெரிஞ்சா போதும்" என்றார். ஏதோ சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையிலேயே அவ்வளவுதான் விஷயம். உப்பு வகைச் சேர்மம் எதுவானாலும் அதில் ஒரு பக்கம் நேர் அயனி, இன்னொரு பக்கம் எதிர் அயனி. (அயனி என்றால் மின்சுமை உள்ள அணு அல்லது அணுக்கூட்டம்.) நேர் மின்சுமை மொத்தமும் எதிர் மின்சுமை மொத்தமும் சமமாக வேண்டும். கணக்கு நேராகிற அளவுக்கு எத்தனை இதில், எத்தனை அதில் என்று போட்டால் அதுதான் வாய்ப்பாடு.

சோடியத்தின் மின்சுமை கூட்டல் ஒன்று. கார்பனேட்டின் மின்சுமை கழித்தல் இரண்டு. ஒரு கார்பனேட்டைச் சரிக்கட்ட இரண்டு சோடியம் வேண்டும். என்ஏ₂சிஓ₃ வந்துவிட்டது. அலுமினியம் கூட்டல் மூன்று, சல்பேட்டு கழித்தல் இரண்டு. இரண்டுக்கும் பொதுவாக வருவது ஆறு. ஆகவே அலுமினியம் இரண்டு, சல்பேட்டு மூன்று: ஏஎல்₂(எஸ்ஓ₄)₃. கழிவுநீரைத் தெளிய வைக்கப் போடும் ஆலம் இதுதான்.

இந்த இடத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குவது அடைப்புக்குறியில். சல்பேட்டு, கார்பனேட்டு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட்டு, அம்மோனியம் இதெல்லாம் பல அணுக்கள் சேர்ந்த ஒரே அயனி. அதைப் பிரிக்கக் கூடாது. ஒன்றுக்கு மேல் வந்தால் முழுசாக அடைப்புக்குறிக்குள் வைத்து, வெளியே கீழே எண் போட வேண்டும். நீற்றுச் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, சிஏ(ஓஎச்)₂. அடைப்பை விட்டுவிட்டு சிஏஓஎச்₂ என்று எழுதினால் அதில் ஆக்சிஜன் ஒன்றுதான் இருக்கிறது, ஹைட்ரஜன் இரண்டு. அப்படி ஒரு சரக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது. அதே போல ஒரே ஒன்று வந்தால் அடைப்பும் வேண்டாம், ஒன்று என்ற எண்ணும் வேண்டாம்.

சரி, மின்சுமையெல்லாம் எப்படி நினைவில் நிற்கும்? மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், ஆனால் பாடப்புத்தகத்தில் இருக்கும் முழு அட்டவணையையும் ஒரே மூச்சில் வேண்டாம். ஒரு பக்கத்தாளில் அடங்கும். கூட்டல் ஒன்றில் சோடியம், பொட்டாசியம், வெள்ளி, ஹைட்ரஜன், அம்மோனியம். கூட்டல் இரண்டில் மெக்னீசியம், கால்சியம், பேரியம், துத்தநாகம். கூட்டல் மூன்றுக்கு அலுமினியம் போதும். எதிர்ப்பக்கம், கழித்தல் ஒன்றில் குளோரைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட்டு, அசிட்டேட்டு, பைகார்பனேட்டு. கழித்தல் இரண்டில் ஆக்சைடு, சல்பைடு, சல்பேட்டு, கார்பனேட்டு. கழித்தல் மூன்றில் பாஸ்பேட்டு, நைட்ரைடு. இவ்வளவை வைத்துக்கொண்டு எங்கள் ஸ்டோரில் இருக்கும் உப்பு வகைகளில் பாதிக்கு மேல் எழுதிவிடலாம். நான் இந்தத் தாளை ஸ்டோர் மேஜையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன், சரக்கு வரவு எழுதும்போதெல்லாம் பில்லில் உள்ள பெயருக்குப் பக்கத்தில் வாய்ப்பாட்டையும் பென்சிலால் எழுதுவேன். தனியாக உட்கார்ந்து படித்ததைவிட அப்படி எழுதி எழுதி ஏறியதுதான் அதிகம்.

குறியீடுகளில் சில, பெயரோடு ஒட்டவே ஒட்டாது. சோடியத்துக்கு என்ஏ, பொட்டாசியத்துக்கு கே, இரும்புக்கு எஃப்இ, ஈயத்துக்கு பிபி. 1813, 14 வாக்கில் சுவீடன்காரரான பெர்சீலியஸ் இந்த எழுத்து முறையைக் கொண்டுவந்தபோது லத்தீன் பெயர்களிலிருந்து எடுத்தார். நேட்ரியம், காலியம், ஃபெர்ரம், பிளம்பம். இந்த லத்தீன் பெயரைக் கூடவே சொல்லிக்கொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சட்டென்று நிற்கிறது, தவிர ஃபெர்ரஸ், ஃபெர்ரிக் என்று பின்னால் வரும்போதும் உதவுகிறது. இன்னொன்று, முதல் எழுத்து பெரிய எழுத்து, இரண்டாவது எழுத்து கட்டாயம் சின்ன எழுத்து. பெரிய சி, சின்ன ஓ போட்டால் கோபால்ட் என்ற உலோகம். இரண்டையும் பெரிய எழுத்தாகப் போட்டால் கார்பன் மோனாக்சைடு, ஆளைக் கொல்லும் வாயு. கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள் என்று சொல்வேன்.

இரும்புக்கு வருகிறேன். சில உலோகங்களுக்கு ஒரே மின்சுமை கிடையாது. இரும்பு கூட்டல் இரண்டாகவும் இருக்கும், மூன்றாகவும் இருக்கும். செம்பு ஒன்று, இரண்டு. வெள்ளீயம் இரண்டு, நான்கு. பழைய முறையில் குறைவானதுக்கு ஃபெர்ரஸ், அதிகமானதுக்கு ஃபெர்ரிக். செம்பில் குப்ரஸ், குப்ரிக். இந்த முறையில் உள்ள சங்கடம், 'அஸ்' என்றால் எத்தனை என்று பெயர் சொல்லாது. இரும்பில் அஸ் என்றால் இரண்டு, செம்பில் அஸ் என்றால் ஒன்று. 1919இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃப்ரெட் ஸ்டாக், உலோகத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே ரோமன் எண்ணைப் போட்டுவிடலாம் என்றார். ஃபெர்ரஸ் சல்பேட்டு என்பது இரும்பு இரண்டு சல்பேட்டு. ஃபெர்ரிக் குளோரைடு என்பது இரும்பு மூன்று குளோரைடு. பிள்ளைகள் இந்த ரோமன் எண்ணை அணுக்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது மின்சுமை. இரும்பு இரண்டு சல்பேட்டில் இரும்பு ஒன்றுதான், ஏனென்றால் சல்பேட்டும் கழித்தல் இரண்டு, ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது. இரும்பு மூன்று சல்பேட்டில்தான் இரும்பு இரண்டு, சல்பேட்டு மூன்று.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஃபெர்ரஸ் சல்பேட்டு மூட்டையைப் பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவார்கள். புது மூட்டையைப் பிரித்தால் இளம்பச்சைப் படிகம். வாயைக் கட்டாமல் மழைக்காலத்தில் அப்படியே போட்டுவைத்தால் மேல்பக்கம் பழுப்பும் மஞ்சளுமாகப் படிந்துவிடும். காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டு, இரண்டாக இருந்த இரும்பு மூன்றாக மாறிக்கொண்டிருக்கிறது. மாஸ்டர் அந்தப் பழுப்பை விரல்நுனியில் எடுத்துக் காட்டி, "இது ஃபெர்ரிக், கீழ இருக்கறது ஃபெர்ரஸ்" என்றார். அதற்குப் பிறகு இந்த இரண்டும் எனக்கு மாறிப்போனதே இல்லை.

இனி வால்களுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் மொத்தப் பாடத்திலும் உயிரான இடம் பெயரின் கடைசி எழுத்துகள்தான். எங்கள் ஸ்டோரில் கந்தகமும் சோடியமும் சேர்ந்த சரக்கு மட்டும் ஆறு வகை இருக்கும். சோடியம் சல்பைடு. சோடியம் சல்பைட்டு. சோடியம் சல்பேட்டு. சோடியம் பைசல்பைட்டு. சோடியம் தயோசல்பேட்டு. சோடியம் டைதயோனைட்டு. முதல் இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தமிழில் எழுதினால் நடுவில் ஒரு 'ட்' மட்டும்தான் வித்தியாசம், இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் கத்திச் சொன்னால் அந்த 'ட்' காணாமல் போய்விடும். ஆனால் சரக்கோ தலைகீழ். சல்பைடு என்பது சல்பர் பிளாக் சாயத்தைக் கரைக்கப் போடுவது, மஞ்சள் செதிலாக வரும், அதில் அமிலம் பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அளவு கூடினால் அந்த வாயு மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து நிற்கிறவர் விழுந்துவிடுவார். பட்டியலில் மூன்றாவதாக வரும் சல்பேட்டோ சாதாரணச் சாயமேற்றும் உப்பு, கையால் அள்ளினாலும் ஒன்றும் ஆகாது.

இந்த வால்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 'ஐடு' என்று முடிந்தால் பெரும்பாலும் அந்தத் தனிமம் மட்டும் தனியாக இருக்கிறது, ஆக்சிஜன் கூட இல்லை. சல்பைடு என்றால் வெறும் எஸ். (ஹைட்ராக்சைடும் சயனைடும் விதிவிலக்கு.) 'ஏட்டு' என்றால் ஆக்சிஜன் கூடச் சேர்ந்திருக்கிறது. 'ஐட்டு' என்றாலும் ஆக்சிஜன் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஏட்டில் இருப்பதைவிட ஒன்று குறைவு. சல்பேட்டு எஸ்ஓ₄, சல்பைட்டு எஸ்ஓ₃. நைட்ரேட்டு என்ஓ₃, நைட்ரைட்டு என்ஓ₂. மின்சுமை மாறாது, ஆக்சிஜன் மட்டும்தான் ஒன்று குறைகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது முகம் மலர்வதைப் பார்க்கலாம், ஏனென்றால் மனப்பாடம் பண்ண வேண்டியது பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஏட்டில் முடிவதை மட்டும் படித்தால் போதும், ஐட்டு தானாக வரும். ஏட்டில் எத்தனை ஆக்சிஜன் என்பதற்குப் பொதுக்கணக்கு இல்லை, சல்பேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் நான்கு, நைட்ரேட்டுக்கும் கார்பனேட்டுக்கும் குளோரேட்டுக்கும் மூன்று. அதை மட்டும் உருப்போட வேண்டும்.

குளோரினில் இந்தச் சட்டம் முழு வரிசையாக நிற்கும். குளோரைடில் ஆக்சிஜன் இல்லை. ஹைப்போகுளோரைட்டில் ஒன்று, குளோரைட்டில் இரண்டு, குளோரேட்டில் மூன்று, பெர்குளோரேட்டில் நான்கு. எல்லாவற்றுக்கும் மின்சுமை கழித்தல் ஒன்றுதான். ஐட்டை விடவும் குறைந்தால் முன்னால் 'ஹைப்போ', ஏட்டை விடவும் கூடினால் முன்னால் 'பெர்'. தயோ என்றால் ஒரு ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம் உட்கார்ந்திருக்கிறது. சல்பேட்டு எஸ்ஓ₄, அதில் ஒரு ஆக்சிஜனை எடுத்துவிட்டுக் கந்தகத்தை வைத்தால் எஸ்₂ஓ₃, தயோசல்பேட்டு. யூரியாவிலிருந்து தயோயூரியா வருவதும் இதே வழியில்தான்.

இந்த வால்களை அமைத்ததில் எங்கள் தொழில்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1787இல் பிரான்சில் லவாய்சியர், கீட்டோன் த மோர்வோ, ஃபோர்க்ராய், பெர்த்தோலே என்ற நான்கு பேர் சேர்ந்து பெயரிடும் முறையைச் சீர்செய்தார்கள். அதுவரை ஊருக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பெயர். அவர்களில் பெர்த்தோலே சாயத் தொழிலை மேற்பார்க்கும் அரசுப் பொறுப்பிலும் இருந்தவர், குளோரினைக் கொண்டு துணியை வெளுக்கலாம் என்று காட்டியவரும் அவரே. இன்றைக்கு நாங்கள் பிளீச்சிங் போடுவது அவர் போட்ட பாதையில்தான்.

பிளீச்சிங் என்றதும் 'ஹைப்போ' பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பட்டறையில் ஹைப்போ என்றால் சோடியம் ஹைப்போகுளோரைட்டு, கேனில் வருகிற வெளுப்புத் திரவம். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்களிடமும் கல்லூரி லேபிலும் ஹைப்போ என்றால் சோடியம் தயோசல்பேட்டு, கண்ணாடி மாதிரிப் படிகம். அதன் பழைய பெயர் ஹைப்போசல்பைட்டு, அதன் சுருக்கம் அப்படியே தங்கிவிட்டது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரி. முதலாவது துணியை வெளுக்கும். வெளுத்த பிறகு துணியில் மிச்சம் நிற்கும் குளோரினை அழிக்கப் போடுவது இரண்டாவது.

ஒரு தடவை லேபில் புதிதாகச் சேர்ந்த பட்டதாரித் தம்பி, வெளுத்து அலசிய பேட்சுக்கு 'ஹைப்போ' என்று மட்டும் எழுதிச் சீட்டு அனுப்பினார். அவர் நினைத்தது தயோசல்பேட்டு. மிக்சிங் பையன் வெளுப்புக் கேனைச் சாய்த்துப் பிடிக்கப் போய்விட்டான். பக்கத்தில் நின்ற மாஸ்டர் சீட்டை வாங்கிப் பார்த்து, "கண்ணு, ஏற்கெனவே வெளுத்த துணிக்கு இன்னும் எதுக்குடா வெளுப்பு?" என்று கேட்டு நிறுத்தினார். துணியில் ஸ்டார்ச் அயோடைடு காகிதத்தை ஒற்றினார், நீலமாக மாறியது, குளோரின் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். சரியான சரக்கைப் போட்டு அலசியதும் காகிதம் நிறம் மாறவில்லை. அன்றிலிருந்து சீட்டில் புழக்கப் பெயரோடு வாய்ப்பாடும் எழுத வேண்டும் என்பது எங்கள் ஸ்டோரின் கட்டாயம். வாய்ப்பாடு இல்லாத சீட்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், முதலாளியே எழுதியிருந்தாலும் சரி.

அப்புறம் புள்ளி. வாய்ப்பாட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, பின்னால் 10 எச்₂ஓ என்று எழுதியிருப்பார்கள். பரீட்சைக்குப் படிக்கும்போது அலங்காரம் மாதிரித்தான் தெரியும், எங்களுக்கு அது பணம். படிக நீர் இல்லாத சோடியம் சல்பேட்டின் மூலக்கூறு நிறை 142. பத்து நீர் மூலக்கூறோடு இருக்கும் குளோபர் சால்ட்டின் நிறை 322. அதில் 180 வெறும் தண்ணீர். அதாவது நூறு கிலோ வாங்கினால் உப்பு 44 கிலோதான், மீதி 56 கிலோ தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ரெசிபியில் நீரற்ற சரக்கு 50 கிலோ என்று இருந்து, கையில் இருப்பது பத்து நீர்ச் சரக்கு என்றால் 113 கிலோ போட வேண்டும். அதைக் கவனிக்காமல் 50 கிலோவே போட்டால் சாயம் துணியில் சரியாக ஏறாது, ஷேடு வெளிறிப்போகும், அப்புறம் சாயத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். சலவைச் சோடாவும் இப்படித்தான், நீரற்ற சோடா ஆஷின் நிறை 106, பத்து நீரோடு 286. பெயரில் நீரற்ற என்றோ டெக்காஹைட்ரேட் என்றோ இருப்பதைப் படிக்காமல் விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கினால் நஷ்டம்தான்.

எண்ணைக் குறைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. மின்சுமையைக் குறுக்கே மாற்றிப் போட்டு, இரண்டுக்கு இரண்டு வந்தால் அடித்துவிடலாம் என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். கால்சியம் ஆக்சைடுக்கு அது சரி, சிஏ₂ஓ₂ என்று வருவதை சிஏஓ என்று எழுதுகிறோம். இதே பழக்கத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் எச்ஓ என்று ஆக்கிவிடுவார்கள். அதில் இரண்டு ஆக்சிஜனும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே அயனி போல நிற்பதால் அடிக்கக் கூடாது, எச்₂ஓ₂ தான். என் அண்ணன் மகள் இதைக் கேட்டுவிட்டு, "சித்தப்பா, அப்ப பெராக்சைடையும் சல்பேட்டு மாதிரி முழுசாவே வெச்சுக்கணுமா?" என்றாள். அதைவிடத் தெளிவாக என்னாலும் சொல்ல முடியாது.

மோனோ, டை, ட்ரை என்று எண்ணிக்கை சொல்லும் முன்னொட்டுகளை எங்கே போடுவது என்பதில் எல்லோருக்கும் குழப்பம். இரண்டு அலோகங்கள் சேர்ந்தால் போட வேண்டும்: கார்பன் டைஆக்சைடு, சல்பர் ட்ரைஆக்சைடு, டைநைட்ரஜன் பென்டாக்சைடு. காரணம் எளிது. அங்கே பற்று வரவு போட்டுப் பார்த்து ஒரே விடைக்கு வர முடியாது, கார்பனும் ஆக்சிஜனும் இரண்டு விதமாகச் சேர்ந்து நிற்கும், அதனால் பெயரே எண்ணிக்கையைச் சொல்லியாக வேண்டும். உலோகம் இருக்கும் உப்பில் மின்சுமையே எண்ணிக்கையைத் தீர்மானித்துவிடுவதால் முன்னொட்டு வேண்டாம். டைசோடியம் கார்பனேட்டு என்று எழுதத் தேவையில்லை. ஆனால் எங்கள் கொதிகலன் பக்கம் போனால் ட்ரைசோடியம் பாஸ்பேட்டு, டைசோடியம் பாஸ்பேட்டு என்று டப்பாவில் எழுதியிருக்கும். பாஸ்பேட்டுக்குக் கழித்தல் மூன்று. மூன்றையும் சோடியமே நிரப்பலாம், அல்லது இரண்டு சோடியமும் ஒரு ஹைட்ரஜனும் நிரப்பலாம். எது என்று தெரிய வேண்டுமே, அதற்காகத்தான் அங்கே அந்த முன்னொட்டு. பைகார்பனேட்டு, பைசல்பைட்டு என்பதில் வரும் 'பை'யும் கிட்டத்தட்ட இதே வேலைதான் செய்கிறது, ஒரு ஹைட்ரஜன் உள்ளே இருக்கிறது என்று சொல்கிறது. பெயருக்குள் ஹைட்ரஜன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் மின்சுமை ஒன்று குறைந்திருக்கும்: கார்பனேட்டு கழித்தல் இரண்டு, பைகார்பனேட்டு கழித்தல் ஒன்று.

வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. பெயரில் கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் மூட்டையிலோ பாதுகாப்புத் தாளிலோ இருக்கும் கேஸ் (CAS) எண்ணைப் பாருங்கள். உலகம் முழுக்க ஒரு சேர்மத்துக்கு ஒரு எண். சோடியம் ஹைப்போகுளோரைட்டு 7681-52-9. சோடியம் தயோசல்பேட்டு 7772-98-7. கடைசி இலக்கம் சரிபார்க்கும் இலக்கம். அதை விட்டுவிட்டு மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் அதுவாகவே வரும். நீரற்ற சோடியம் சல்பேட்டு 7757-82-6. 2, 16, 21, 20, 35, 42 கூட்டினால் 136, கடைசி இலக்கம் 6. எண்ணை எழுதும்போது ஒரு இலக்கம் தவறினாலும் பெரும்பாலும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்லித் தருபவர்கள் பாடப்புத்தகத்தோடு நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாட்டு மருந்துக் கடைக்கு ஒரு தடவை கூட்டிப்போங்கள். மயில்துத்தம் செம்பு சல்பேட்டு, ஐந்து நீர். நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட்டு. படிகாரம் எல்லாவற்றிலும் அருமையான கணக்கு: ஒரு பொட்டாசியம், ஒரு அலுமினியம், நேர்ப்பக்கம் மொத்தம் நான்கு. சல்பேட்டு இரண்டு போட்டால் எதிர்ப்பக்கமும் நான்கு. பன்னிரண்டு நீர். கேஏஎல்(எஸ்ஓ₄)₂, புள்ளி, 12 எச்₂ஓ. ஒன்பதாவது படிக்கும் பிள்ளை இதைத் தானே போட்டு முடிக்கும்போது அதற்கு வருகிற தைரியம் சாதாரணமானது இல்லை.

பயிற்சியை எப்போதும் இரண்டு பக்கமும் செய்ய வைக்கிறேன், பெயரிலிருந்து வாய்ப்பாடு, வாய்ப்பாட்டிலிருந்து பெயர். ஒரு பக்கம் மட்டும் பழகினவர்கள் மறுபக்கம் கேட்டால் நின்றுவிடுகிறார்கள். எழுதி முடித்ததும் மின்சுமையைக் கூட்டிப் பூஜ்யம் வருகிறதா என்று ஓரத்தில் போட்டுப் பார்க்கச் சொல்வேன், விடைத்தாளிலும் அதை அடிக்காமல் விடுங்கள் என்பேன்.

புதிதாக ஒருவர் வந்தால் நான் முதலில் கொடுப்பது மெக்னீசியத்தில் மூன்று கணக்கு: மெக்னீசியம் நைட்ரைடு, மெக்னீசியம் நைட்ரைட்டு, மெக்னீசியம் நைட்ரேட்டு. மெக்னீசியம் கூட்டல் இரண்டு. நைட்ரைடு என்பது தனி நைட்ரஜன், கழித்தல் மூன்று, பொதுவாக வருவது ஆறு, ஆகவே எம்ஜி₃என்₂. நைட்ரைட்டும் நைட்ரேட்டும் கழித்தல் ஒன்று, அதனால் இரண்டிரண்டு வேண்டும், அடைப்புக்குறியோடு: எம்ஜி(என்ஓ₂)₂, எம்ஜி(என்ஓ₃)₂. இந்த மூன்றையும் தாளைப் பார்க்காமல் போட்டுவிட்டால் அவரிடம் கந்தக ரேக்கின் சாவியைக் கொடுத்துவிடுவேன்.